காத்தாயியின் கட்டம்

வம்சாவளிப் புத்தகம் அச்சேறும் முன் புரூஃப் பார்க்க, பெரியப்பா நல்லசிவம் தையல்நாயகியை அச்சகத்துக்கு அழைத்திருந்தார். ஏழு தலைமுறைப் பெயர்களில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. தாத்தாவைப் பெற்றவளின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. தையல்நாயகி அதில் ‘காத்தாயி’ என்று எழுதினாள்.

மரபணுச் சோதனைக்கு அவள் எச்சில் அனுப்பியிருந்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ரத்த சொந்தம் என்று முடிவு வந்தது. அந்தப் பெண்மணியின் கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவள். ஊரில் விட்டுவந்த அக்கா காத்தாயியைப் பண்ணை வீட்டு ஐயா சேர்த்துக்கொண்டார் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். கப்பல் பதிவேட்டில் அவளுடைய ஊர் இருந்தது; அது தையல்நாயகியின் ஊரேதான், அங்கே பண்ணை வீடு என்றால் இவர்கள் வீடுதான். சாதியும் இருந்தது.

“சேரிக்காரி பேரை நம்ம புஸ்தகத்துல போடறதா?” என்று பெரியப்பா சிவப்பு மையால் அதை அடித்தார்.

தையல்நாயகி பக்கத்திலேயே மறுபடி எழுதினாள். அவர் அதையும் அடித்தார். அவள் இன்னும் பெரிதாக எழுதினாள்.

“ஊரு சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். அவங்க பெத்த பிள்ளைக்குத்தானே நீங்க பொறந்தீங்க? அவங்களை அடிச்சா, அவங்களுக்குக் கீழ வர்ற எல்லாரையும் அடிக்கணும். உங்க பேர்லேருந்து ஆரம்பிங்க, பெரியப்பா.”

தாளை அவர் பக்கம் திருப்பி, ‘நல்லசிவம்’ என்ற எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்தாள். சிவப்புப் பேனா அதன்மேல் வந்து நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை.