பேப்பர் பழக்கம்

"பதினஞ்சு நாளாப் பழக்குறேன் பழக்குறேன்னு சொன்னியே, இதுதான் நீ பழக்கின லட்சணமா?"

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்த துரைராசு போட்ட சத்தத்தில், இரண்டு பொமரேனியன் குட்டிகளும் அவர் மனைவி மேகலாவின் காலடியில் ஒண்டிக்கொண்டன.

குடவாசலில் அவர் வீடு கட்டிக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பளபளக்கும் டைல்ஸ் தரையில் கிடந்தது பத்திரம். நான்கு தாளும் நனைந்து நாறின.

பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் டோக்கன். புது வீடு நிற்கும் மனையில் தங்கை நீலாயதாட்சிக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. கையெழுத்துப் போடத்தான் சீர்காழியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள் அவள். புருஷன் போன பிறகு, அப்பா அவளுக்கென்று சொல்லிவிட்டுப் போன மூன்று மா நஞ்சையில், சுமார் ஒரு ஏக்கரில், வரும் நெல்தான் அவள் வீட்டுச் சோறு. அப்படியிருந்தும், அண்ணன் கேட்டவுடன் மனையில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் மேகலா, "ஒரு தடவை படிச்சுப் பாத்துக்க நீலா" என்றதற்குக்கூட, "அண்ணன் எழுதினதுல நான் என்னத்தைப் படிக்கிறது அண்ணி?" என்று சிரித்தாள்.

அப்பேர்ப்பட்ட தங்கை கிளம்பி நிற்கிற நேரத்தில் பத்திரத்தில் நாய் மூத்திரம் அடித்துவைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தாங்க. இதுங்க என்னடான்னா நடுக்கூடத்துல காலைத் தூக்குதுங்க."

மேகலா டப்பாவைத் திறந்து குட்டிகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் போட்டாள்.

"செஞ்ச வேலைக்கு பிஸ்கட் வேறயா? கொழுப்புடி உனக்கு."

"பேப்பர்ல போனா பிஸ்கட் கொடுத்துத்தாங்க பழக்கியிருக்கேன். இப்ப கொடுக்கலைன்னா குழம்பிடும்."

"இது பேப்பரா? பத்திரம்டி, பத்திரம்."

நீலாயதாட்சிதான் குறுக்கே வந்தாள்.

"விடுங்கண்ணே, வாயில்லா ஜீவன். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே. நான் துடைச்சுக் காயவச்சுத் தர்றேன்."

துணியால் ஒவ்வொரு தாளாக ஒற்றி ஃபேனுக்குக் கீழே பரப்பினாள்.

"நீ ஏம்மா அதையெல்லாம் தொடுற? வை அப்படியே" என்று துரைராசு பதறிக்கொண்டு வந்தார்.

அதற்குள் மூன்றாவது தாளில் அவள் கை நின்றுவிட்டது.

"மனைக்கு மட்டும்னுதானே சொன்னீங்க? இதுல என்னோட மூணு மாவும் இருக்கேண்ணே."

"அது... எழுதுறவன் தெரியாம சேத்துட்டான் போல."

"தெரியாமயா? கிழக்கே ஜெய்னுலாபுதீன் வயல், மேற்கே வாய்க்கால்னு நாலு எல்லையும் சரியா இருக்கேண்ணே."

துரைராசு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

நீலாயதாட்சி அழவில்லை. ஈரம் காயாத தாள்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"வர்றேன் அண்ணி" என்று மேகலாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், துரைராசுவுக்கு மறுபடி ஆவேசம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவளின் சோற்றில் கைவைத்தவருக்குக் கோபம் மட்டும் குறையவில்லை.

"எல்லாம் உன் நாயால வந்த வினை. டீப்பாய் மேல வச்சுட்டுக் குளிக்கப் போன பத்திரம் எப்படிடி தரைக்கு வந்துச்சு?"

மூலையில் அன்றைய செய்தித்தாளைக் குட்டிகளுக்காக விரித்துக்கொண்டிருந்த மேகலா, நிமிராமலேயே சொன்னாள்.

"குட்டிங்களுக்கு டீப்பாய் எட்டாதுங்க. நான்தான் எடுத்து விரிச்சேன்."