டை இறகு ஆந்தை

"அங்க பாரு ட்ரீனா, கொரின் பொண்ணை! அது என்ன, நரியா, நனைஞ்சுபோன மெத்தையா?"

பக்கத்து நாற்காலி லோயிஸ் காதைக் கடித்ததும் ட்ரீனா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹாலோவீன் வேடப் போட்டி. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, நிலையத்துக்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். கடையில் வாங்கிய வேடம் கூடாது. பழைய துணியிலும் பழைய சாமானிலும் செய்ததாக இருக்க வேண்டும்.

கொரினின் மகள் வில்லா நரியாக வந்திருந்தாள். யாரோ கழித்துக் கட்டிய சோபா உறைதான் நரித்தோல். ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்தது. வால் பின்பக்கம் இல்லாமல் இடுப்பில் தொங்கியது. உடம்பு முழுக்கத் தொளதொள.

"தையலைப் பாரேன், கோணல் மாணலா!" என்றாள் லோயிஸ். "இந்த ஊர்ல பாதிக் கல்யாண கவுன் கொரின் தச்சதுதான். ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு முத்து முத்தா வெச்சுத் தைக்கிறா. பெத்த பொண்ணுக்கு ஒரு காதை நேரா வைக்க நேரமில்ல!"

"காசு குடுத்தாதான் அவ கை அசையும் போல," என்றாள் ட்ரீனா.

கொரின் எதிர் வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் வால் நழுவியது. அப்போதும் எழுந்துபோய்ச் சரிசெய்யவில்லை. என்ன கல்நெஞ்சம்!

ட்ரீனா தன் மகள் ஹேட்டியைப் பார்த்தாள். நெஞ்சு நிறைந்துபோனது.

ஆந்தை! பழைய சாமான் கடையில் கூடை கூடையாகக் கிளறிப் பொறுக்கிய ஆண்களின் டைகள். ஒவ்வொன்றையும் இறகு மாதிரி வெட்டி, வரிசை வரிசையாக ஒட்டி, தைத்து... பழுப்பு, சாம்பல், நடுநடுவே ஒரு பட்டு நீலம். ஜாம் பாட்டில் மூடிகள் கண்கள். கிழிந்த தோல் பை அலகாகியிருந்தது. மூன்று வார உழைப்பு. சூடான பசை பட்டு ட்ரீனாவுக்கு இரண்டு விரலில் கொப்புளம். இருக்கட்டுமே!

அவள் வாழ்க்கையில் இதுவரை எதிலும் பரிசு வாங்கியதில்லை. இந்த முதல் பரிசுக் கோப்பையை வீட்டில் எங்கே வைப்பது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டாள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டும்.

நடுவர், நிலையத்தின் தலைவர் ஆர்லன். பெரிய மீசையும் பெரிய தொப்பையுமாக ஒவ்வொரு குழந்தை முன்னாலும் குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். நரியிடம் வந்தார்.

"இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு கண்ணு?"

"வால்தான் அங்கிள்!" என்றாள் வில்லா. "நாலு தடவை தச்சேன். நாலு தடவையும் நான் போட்டிருந்த பைஜாமாவோட சேத்துத் தச்சுட்டேன்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"சரி, ஏன் இவ்வளவு தொளதொளன்னு?"

"போன வருஷம் ஹாலோவீன் ராத்திரி வீடு வீடா மிட்டாய் கேக்கப் போனப்ப ஒரே குளிரு. எல்லாரும் வேஷத்துக்கு மேல குளிர் ஜாக்கெட் போட்டுக்கிட்டோம். எந்த வீட்டுக்குப் போனாலும், 'நீ யாரு, நீ யாரு'ன்னே கேட்டாங்க. அதான் இந்த வருஷம் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே அளவெடுத்தேன். உள்ள ஜாக்கெட், வெளிய நரி!"

ஆர்லன் மீசையைத் தடவினார். "அட, எனக்கு இத்தனை வருஷமா இது தோணலையே! அம்மா உதவி பண்ணினாங்களா?"

"நான் விடவே இல்ல! ஊசியில நூல் கோக்கக்கூட விடல. நான் தப்பாத் தைக்கிறப்ப அவங்க கை பரபரன்னு வரும் அங்கிள். அப்புறம், 'நீயே பண்ணு, நான் என் கைமேல உக்காந்துக்கறேன்'னு உக்காந்துக்குவாங்க. பாருங்க, இப்பவும்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கொரினின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

லோயிஸ் அவசரமாகக் கையிலிருந்த டோனட்டைக் கடித்தாள்.

ட்ரீனாவுக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, ஆந்தைக்குள் ஜாக்கெட் என்ன, ஒரு ஸ்வெட்டர்கூட நுழையாது என்பதும் உறைத்தது. ராத்திரி தெருவில் அத்தனை இறகும் ஜாக்கெட்டுக்குள்தான். இருந்தாலும் அழகு என்று பார்த்தால் ஆந்தைக்குப் பக்கத்தில் எது நிற்க முடியும்? மனதைத் தேற்றிக்கொண்டு நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

ஆர்லன் ஆந்தை முன்னால் வந்து நின்று, நீளமாக ஒரு விசில் அடித்தார்.

"அடேயப்பா! நிஜ ஆந்தையே வெக்கப்படும் போலிருக்கே!"

ட்ரீனாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சொல்லு கண்ணு, இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

ஹேட்டி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று அம்மா தலையை ஆட்டினாள். ஆந்தை தன் பட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, பெருமையாகச் சொன்னது.

"மூணு வாரமும் எதையும் தொடாம, அசையாம நின்னேன் பாருங்க, அதுதான் அங்கிள்!"