பதிமூன்று கிழங்குகள்

"மருமகளாம் மருமகள்!"

பென்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு டோனாவின் வாசலில் மண் குதறிக் கிடந்தது. பதிமூன்று துலிப் கிழங்கில் ஒன்றுகூட மிச்சமில்லை. நேற்று டவுனிலிருந்து மருமகள் கலினா வந்து எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

டோனா போய்ச் சேர்ந்து ஆறு மாசம். ஆஸ்பத்திரியில் பென்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் துலிப்ல ரெண்டையாவது என் தலைமாட்டுல நட்டுடுடி."

மண் குளிர்ந்த பிறகுதானே கிழங்கை இடம் மாற்ற முடியும்? நவம்பர் வரை காத்திருந்தாள் பென்கா. நாளைக்கு இறந்தவர்களுக்கான சனிக்கிழமை. ஊரே கல்லறைக்குப் போகும். இவள் மட்டும் வெறுங்கையோடு போய் நிற்பதா?

இது மட்டுமா? டோனாவின் படம் போட்ட ஆறாம் மாச நினைவஞ்சலித் தாளைப் போன வாரம் பென்காதான் ஊரெல்லாம் ஒட்டினாள். டவுனுக்கும் போய், கலினாவின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், அவள் வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாளே அதைக் கிழித்துப் போட்டாளாம் மகராசி.

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினாள்.

கலினா தரைத்தளத்து ஜன்னலுக்கு அடியில் மண்டியிட்டு நட்டுக்கொண்டிருந்தாள். பென்கா எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, செத்தவர்களுக்கு இரட்டைப்படை. பூ விஷயத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உன் வாசலுக்கு மட்டும் கணக்கா நட்டுக்கறே. மாமியார் ஞாபகம் வரலியா?"

"மெதுவாப் பேசுங்கம்மா" என்று ஜன்னலைக் காட்டினாள் கலினா. "மாமாவுக்கு இன்னும் தெரியாது."

டோனா இறந்தபோது அவள் புருஷன் மெத்தோடியும் நெஞ்சுவலியோடு வேறு வார்டில் கிடந்தார். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கிருந்து நேராக மகன் வீடு. டோனாவுக்குத் தலைநகர் சோஃபியாவில் வைத்தியம் நடக்கிறது என்று ஆறு மாசமாகப் பொய் சொல்லிவருகிறாள் கலினா.

"அத்தை திரும்பி வரும்போது பூத்திருக்கணும்னு மாமாதான் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார். பதிமூணும் அவர் கையிலதான் கொடுத்தேன். இப்ப ரெண்டைக் காணோம், எங்க உருண்டுச்சோ. நல்லவேளை, மிச்சமும் ஒத்தைப்படை. இல்லேன்னா கண்டுபிடிச்சிருப்பார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். அவளைப் போயா திட்டினோம் என்று பென்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஜன்னல் திறந்தது. மெத்தோடி எட்டிப் பார்த்தார். டோனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

இரண்டு கிழங்குகள்.

"நீ ஒட்டின தாளை அவளுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன். நாளைக்கு இதை டோனா தலைமாட்டுல நட்டுடு" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கலினாகிட்ட சொல்லிடாதே. நான் தாங்கமாட்டேன்னு இத்தனை நாளா என் முன்னாடி அழாம இருக்கா அந்தப் பொண்ணு. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."