அரை மணி நேர இருட்டு

விவசாயி வெலிசார் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த அரோனியா என்ற கருநிறச் சிறுபழத்தின் சாற்றை ஊதா மருந்துக் குழாயில் ஒரு சொட்டு விட்டு, இருட்டு அலமாரிக்குள் வைத்தாள் தெசான்கா. அரை மணி நேரத்தில் ஊதா மஞ்சளானால் பழத்தில் சத்து உண்டு. அப்போதுதான் மருந்துக் கம்பெனி அதை வாங்கும்.

அவர் வரும் வியாழக்கிழமை மட்டும்தான் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் இரண்டு கோப்பை காபி.

"இந்த வாரமாவது மாறுமாங்க?"

"முதல்ல காபியைக் குடிங்க."

மழை, முட்டிவலி, வியன்னாவிலேயே தங்கிவிட்ட அவள் மகன் என்று பேச்சு நீண்டது. பிறகு அவள் அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காட்டினாள். ஊதா அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம் வேற செடியில பறிச்சுட்டு வாங்க."

"செடி ஏதுங்க? நேத்தே டிராக்டர் விட்டு மொத்தத்தையும் பிடுங்கியாச்சு. பிளம் வைக்கப்போறேன். ஒரு நப்பாசையிலதான் இன்னைக்கு வந்தேன். உங்களுக்கும் வீண் சிரமம்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெசான்கா அலமாரியைத் திறந்தாள். அவருடைய சாறு விட்ட குழாய், முதல் வாரத்தைப் போலவே பளிச்சென்ற மஞ்சளில் உள்ளே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு விடாமல் வைக்கும், வாராவாரம் அவருக்குக் காட்டிவந்த ஊதாக் குழாய் இன்னும் அவள் கையில் இருந்தது.