ஒப்பிட ஒரு நல்ல ரத்தம்

ஈரலில் கொழுப்பு படிந்து தழும்பேறினால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அந்தக் கொல்கத்தா ஆய்வகத்தில் அதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் உண்டு. அதில்தான் புரதம் எல்லாரையும்விட எகிறியிருந்தது.

“குழாயை மாத்தி வெச்சுத் தொலைச்சிருப்ப. மறுபடி பாரு!” ரசகுல்லாவை விழுங்கியபடியே கத்தினார் பேராசிரியர் நிர்மால்யா.

“மூணு வாட்டி பாத்துட்டேன் சார்,” என்றாள் மாணவி ஈஷிதா.

“அப்ப ரத்தம் குடுத்தவன் மொடாக்குடியனா இருப்பான். எவன் அவன்?”

ஈஷிதா குழாயைக் கீழே வைத்தாள்.

“‘குடியை மோந்துகூடப் பாக்காதவன் நான், என்னைவிட நல்ல ரத்தம் எங்க கிடைக்கும்’னு நீங்கதானே சார் கையை நீட்டுனீங்க?”

ரசகுல்லாக் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார் நிர்மால்யா.

“இன்னும் ஒரே ஒரு வாட்டி பாரேம்மா.”

ஈஷிதா குழாயை எடுத்தாள். மூன்றாவது தடவையே அவருக்காகத்தான் பார்த்திருந்தாள்.