இரண்டாவது பொன்னாடை

திரையில் ஒருவன் இன்னொருவனுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை வந்தது.

அவன் சிரிக்கவில்லை. நிஜத்தில் அந்தத் தலை அவனுடையது. சனிக்கிழமைதோறும் தேய்த்துவிடுகிறவன் பூபதி. இந்தப் படத்தை எடுத்தவனும் பூபதிதான்.

குமாரபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் முடிந்த முகூர்த்தத்தின் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. மணமேடைக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டி, ஊர்த் திரைப்பட வட்டத்தார் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரவல் கேமராவில் எடுத்த படம். நடித்தவர்கள் இருவரும் ஈரோட்டு நாடகக் குழுவில் இருக்கும் நண்பர்கள். பின்னணியில் ஓடிய தறிச் சத்தத்தை நீக்க வசதியில்லை. முத்தக் காட்சியிலும் தறி ஓடியது.

அதற்கும் சிரித்தார்கள்.

அவனுக்குப் பக்கத்தில், ஓரத்து நாற்காலியில், வீட்டுக்காரப் பரிமளாக்கா. மாடியில் குடியிருக்கிற பையன் படம் எடுத்திருக்கிறான் என்று தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை அவனும் பூபதியும் பெரியம்மா பிள்ளையும் சித்தி பிள்ளையும். குடிவந்த அன்று சொன்ன பொய். இத்தனை வருஷத்தில் அதற்கும் தாடி முளைத்துவிட்டது.

திரையில் மொட்டை மாடி வந்தது. கொடியில் துணி ஆடியது.

"கண்ணு, அது என்ற சேலை" என்று தன் சேலையைக் கைகாட்டினாள் அக்கா. மண்டபத்துக்கே கேட்டது.

அடுத்த காட்சியில் அதே மாடியில் இரண்டு ஆண்கள் ஒரே போர்வைக்குள் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கீழே இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீடு போயிற்று என்று நினைத்தான்.

ஒருவர் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். குழந்தை மட்டும் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டே போனது.

அவன் பூபதியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். என் பேரைச் சொல்லக் கூடாது. கைகாட்டக் கூடாது. மேடையிலிருந்து என் பக்கம் பார்க்கவே கூடாது. நூல் குடோனில் வேலை, குடியிருக்கிற வீடு, டீக்கடை, எல்லாம் இந்த ஊரில்தான். நாளைக்கும் இதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

படம் முடிந்தது. துணியை அவிழ்த்தார்கள். பின்னால் தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. பூபதி அவற்றுக்கு முன்னால் போய் நின்றான்.

மைக் சுற்றி வந்தது.

ஒரு கல்லூரிப் பெண் வாங்கினாள். நன்றி என்றாள். உடனே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து ஓய்வுபெற்ற தமிழய்யா.

"எடுத்தது நல்லாத்தான் இருக்குதுங்க. குறை சொல்லலீங்க. ஆனா இதெல்லாம் சென்னை, பெங்களூர்ப் பக்கம் நடக்கறது. நம்மூர்ல அந்த மாதிரி ஆளுக யாரும் இல்லீங்க."

கைதட்டல். படத்துக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

 காலையில் டீக்கடையில் தமிழய்யா படித்து முடித்த பேப்பரை வாங்கிப் படிப்பவன் அவன். நேற்றுகூட நடுப்பக்கத்தை அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.

யாரும் இல்லையாம்.

பூபதி கையை மட்டும் கூப்பினான். வாயைத் திறந்தால் எதைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்திருப்பான்.

செயலாளர் தட்டோடு மேடையேறினார். தட்டில் இரண்டு பொன்னாடைகள். கலைஞரைக் கௌரவித்தால் அவர் வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் கௌரவிப்பது வட்டத்தின் வழக்கம். படத்தை முழுசாகப் பார்த்த பிறகும் செயலாளரின் கை அதுபாட்டுக்கு இரண்டை எடுத்து வைத்திருந்தது.

ஒன்றைப் பூபதிக்குப் போர்த்தினார். பிறகுதான் மற்றதைப் பார்த்து விழித்தார்.

"தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்க. இது இருக்கட்டும். அப்புறம் ஜோடியா வந்து வாங்கிக்குவாரு."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பாசமான சிரிப்பு. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பூபதி தட்டிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்தான். தோளில் போட்டுக்கொள்ளவில்லை. மடிப்புக் கலையாமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டான்.

நன்றியுரை என்றார்கள். பூபதி இறங்கவில்லை.

அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. மின்விசிறியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். மறுபடியும் மின்விசிறி. கொடுத்த சத்தியத்தை இப்படியா ஒருவன் காப்பாற்றுவான். பாவி.

அவன் எழுந்தான்.

நாற்காலி கிறீச்சிட்டது. நாலைந்து தலைகள் திரும்பின. இன்னொருத்தனும் கிளம்பிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

கதவுக்குப் போனாலும் மேடைக்குப் போனாலும் முதலில் பரிமளாக்காவைத் தாண்ட வேண்டும்.

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். பூபதியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அவனை.

கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, காலை மடக்கித் திரும்பி உட்கார்ந்தாள்.

"போ கண்ணு. அந்தப் பையன் எத்தன நேரந்தான் கையில வச்சுட்டு நிப்பான்."

அவன் மேடையைப் பார்த்து நடந்தான்.  

தமிழய்யாவின் வரிசை வந்தபோது மட்டும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினான்.