துடைத்து வைத்த கம்ப்யூட்டர்

"அவன் உள்ளே உயிரைக் கொடுத்து உழைக்கிறான். மகாராணி இங்கே மடியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு ஜாலியா உட்கார்ந்திருக்கா!"

மாமியார் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மருமகள் நிமிரவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவதானே? அவனுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணினா என்ன?"

"கேட்டேன் அத்தை. கிட்டயே வராதேன்னுட்டார்."

மகன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்திருந்தான். முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்க அவருக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். இன்று சாயங்காலம் பார்க்க வருகிறார். இந்த வாய்ப்பு கைவிட்டுப் போனால், மகன் பழைய முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

"எப்படிடா போகுது?" அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாரும்மா, கம்ப்யூட்டர்னா இப்படி இருக்கணும்! இருந்த விண்டோஸை எல்லாம் துடைச்சுட்டு, அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன். அதுலயும் தேவையில்லாததை ஒவ்வொண்ணா கழட்டிட்டேன். படம் கிடையாது, பாட்டு கிடையாது. மூலையில ஒரு கடிகாரம் ஓடிச்சு, அதையும் தூக்கிட்டேன்."

"அப்ப மணி எப்படிடா பார்ப்பே?"

"மணி எதுக்கும்மா? வேகம்தான் முக்கியம். எடுத்த காரியத்தை முடிக்காம விடமாட்டேன்!"

மாசக்கணக்காகச் சோறு தண்ணி மறந்து இதே வேலை. பெற்ற மனசு உருகிவிட்டது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். மகன் பட்டனைத் தட்டினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் கறுப்புத் திரை வந்து நின்றது.

"அடேயப்பா, என்ன வேகம்! சரி, சாஃப்ட்வேரைக் காட்டுங்க."

மகன் தலையைச் சொறிந்தான். "அது வந்து டாக்டர்... எழுதுறதுக்கு இப்பதான் எல்லாம் பக்காவா அமைஞ்சிருக்கு. நாளைக்கு ஆரம்பிச்சுடுவேன்."

"என்னது, இனிமேதான் ஆரம்பிக்கணுமா?" டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் உட்காருங்க டாக்டர்."

மருமகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். திரை முழுக்க ஏதேதோ விளம்பரங்கள் குதித்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றைத் திறந்தாள்.

டாக்டரே ஒரு நோயாளியின் பெயரைப் போட்டு அப்பாயின்ட்மென்ட் கொடுத்துப் பார்த்தார். ரத்து செய்தார். வேறு நாளுக்கு மாற்றினார். சொன்னதை எல்லாம் கேட்டது.

"இதேதான் எனக்கு வேணும்!" என்றவர், திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா, இத்தனை குப்பைக்கு நடுவுலயா எழுதினீங்க? இதையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கலாமே?"

"நேரமில்லை டாக்டர். வேலை இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. மருமகள் பதறி எழுந்தாள்.

மாமியார் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ டாக்டரைக் கவனிம்மா. டேய், குழந்தை அழுறது காதுல விழலை? சும்மாதானே நிக்கிறே, போய்த் தூக்கு!"